ஆளுக்குப் பெயர் வேண்டாம், இடத்துக்கு முகவரி வேண்டும்

திண்டுக்கல் பேருந்து நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் குடியை விடுவதற்கு எத்தனை வழி இருக்கிறதென்று சுவரே சொல்லிவிடும். ‘குடியை மறக்க மருந்து, குடிப்பவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்’ என்று ஒரு நோட்டீஸ், கீழே கைபேசி எண். அதைப் பாதி மறைத்தபடி, செவ்வாயும் வெள்ளியும் கயிறு கட்டப்படும் என்று இன்னொன்று. மூலம், பவுத்திர வைத்தியத்துக்குப் பக்கத்தில், ‘வீட்டுக்கே வந்து அழைத்துச் செல்வோம்’ என்று ஒரு மறுவாழ்வு இல்லம். அரசு மதுக்கடைக்கு நோட்டீஸே தேவையில்லை. அதற்குப் பலகை உண்டு, பலகையில் கடை எண் உண்டு, பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குச் சாத்துவார்கள் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்தச் சுவரில் ஒன்று மட்டும் இல்லை. குடித்துக் கெட்டு, பிறகு விட்டு, விட்ட நிலையிலேயே இன்றைய பொழுதை ஓட்டிக்கொண்டிருக்கும் ஆட்கள் வாரம்தோறும் கூடி உட்காருகிற அறை எங்கே இருக்கிறது என்ற தகவல். அப்படி ஒரு அறை இந்த ஊரிலேயே இருந்தது. காசு வாங்குவதில்லை, ஆதார் கேட்பதில்லை, முழுப்பெயர்கூடக் கேட்பதில்லை. என் தம்பிக்காக அதைத் தேடி அலைந்தபோதுதான், ஒரு மனிதன் அதன் வாசலைத் தினமும் கடந்துபோனபடியே அதைக் கண்டுபிடிக்காமல் செத்துப்போக முடியும் என்று விளங்கியது.

நான் செவிலியர், ஓய்வு பெற்றுவிட்டேன். மாற்றலாகிப் போன ஊர்களில் பெரும்பாலும் ஆண்கள் மருத்துவ வார்டில்தான் போடுவார்கள். வயிற்றில் நீர் கோத்து மூச்சு வாங்குபவர், விடியற்காலையில் ரத்த வாந்தியோடு தூக்கி வரப்படுபவர், கண் மஞ்சளாகி ஊரெல்லாம் கீழாநெல்லி சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் வருபவர் என்று கட்டில்கள் நிரம்பிக் கிடக்கும். இவர்களைவிட எனக்கு அதிகப் பயம் தந்தவர்கள் வேறு காரணத்துக்காகச் சேர்ந்து, வார்டில் சரக்கு கிடைக்காததால் திடீரென்று குடி நின்றுபோனவர்கள். கால் முறிவுக்கு வந்திருப்பார். முதல் நாள் கை நடுங்கும், வியர்க்கும், தூங்க மாட்டார். இரண்டு நாளைக்குள் சிலருக்கு வலிப்பு வரும். அடுத்தடுத்த இரவுகளில் சித்தம் கலங்கும். கட்டிலுக்கு அடியில் பாம்பு போகிறது என்பார். இல்லாத ஸ்டீயரிங்கை இரவெல்லாம் திருப்பிக்கொண்டிருந்த லாரி ஓட்டுநரைப் பார்த்திருக்கிறேன். காற்றில் நூல் கோத்துக்கொண்டே இருந்த தையல்காரரையும். வீட்டிலிருந்து வந்தவர்கள் பேய் பிடித்துவிட்டது என்று திருநீறு பூசுவார்கள். டியூட்டி டாக்டர் வந்து தயமின் ஊசியும் தூங்க வைக்கும் மருந்தும் எழுதுவார். சரியான நேரத்தில் கவனித்தால் பிழைத்துக்கொள்வார்கள், கவனிக்காவிட்டால் உயிரே போகும். ‘நாளையிலிருந்து தொட மாட்டேன்’ என்று சாமி படத்தின் மேல் சத்தியம் வாங்கி வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். பல வருடம் தினமும் குடித்தவர் நிறுத்துகிற முதல் வாரம் மருத்துவரின் கண் முன்னால் கழிய வேண்டும்.

ஆனால் அந்த வாரத்தை நாங்கள் நன்றாகவே கவனித்து அனுப்புவோம். அதற்கப்புறம்தான் ஓட்டை. டிஸ்சார்ஜ் சீட்டில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை, பத்து நாள் கழித்து ஓ.பி.க்கு வரச் சொல்லி ஒரு தேதி, கடைசியில் ‘மது அருந்தக் கூடாது’ என்று ஒரு வரி. எழுதுகிற எங்களுக்கும் தெரியும், வாங்குகிற அவருக்கும் தெரியும், அந்த வரியால் ஒன்றும் ஆகாதென்று. எப்படி அருந்தாமல் இருப்பது? சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே போவது? யாரிடம் பேசுவது? கூட வேலை செய்கிறவர்களும் குடிக்கிறார்கள், மச்சானும் குடிக்கிறார். மருத்துவமனை வாசலிலிருந்து பேருந்து ஏறும் இடம் வரைக்கும்கூட அந்தச் சீட்டில் வழி இல்லை.

மத்திய அரசின் சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பு 2019-ல் வெளியானது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார்கள். படுக்கையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். வார்டில் எங்களுக்குக் கிடைத்தவர்களே அதிர்ஷ்டசாலிகள் என்று அர்த்தம். அவர்களுக்கே நாங்கள் கொடுத்து அனுப்பியது அந்த ஒரு வரி.

தம்பி பூட்டு வேலைக்காரன். நாகல்நகர் பக்கம் பட்டறையில் பதினைந்து வயதில் அரம் பிடித்தவன். மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு என்று எதைக் கொடுத்தாலும் நெம்புகோல்களைக் கையால் ராவிப் பொருத்துவான். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பட்டறையில் வேலை பாதியாகக் குறைந்திருந்தது. அவன் குடிக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், வேலை நிறைய இருந்த காலத்திலும் குடித்தான். கை நடுங்கத் தொடங்கிய பிறகு அரம் நழுவியது. காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கும் என்ற நிலை வந்ததும் பட்டறைக்காரர் கணக்கை முடித்துவிட்டார். இதையெல்லாம் எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். தொழிலை மாற்றி எழுதட்டுமா என்றதற்கு, “பேரப் போடாத அக்கா, பூட்டு வேலைய மாத்தாத” என்றான்.

குடியை நிறுத்த மருத்துவமனையில் சேர்த்தோம். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவனுக்கு ஏ.ஏ. கூட்டம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. குடியை விட்டவர்கள் கூடி உட்காரும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பைத்தான் ஏ.ஏ. என்கிறார்கள். பயிற்சிக் காலத்தில் ஒரு பாடத்தில் அதன் பெயரைப் படித்தது. இங்கே எங்கே நடக்கிறது என்று கேட்டால் உடன் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு தனியார் கிளினிக்கின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பழுப்பேறிய ஒரு தாள் இருந்தது. அதில் இருந்த முகவரிக்கு ஆட்டோ பிடித்துப் போனோம். அங்கே கைபேசிக் கடை. தாளில் இருந்த எண்ணில் ஒரு வயதான அம்மா எடுத்து, “அவர் காலமாகி நாளாச்சே” என்றார். யாரைக் கேட்டோம், எதற்குக் கேட்டோம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திரும்பும்போது தம்பி ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ராத்திரி குடித்தான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குடியை விடலாமா என்கிற எண்ணம் குடிநோயாளிக்கு நாள் முழுக்க நிற்பதில்லை. ஒரு காலை நேரம் வரும், அவமானம் தாங்காமல் ‘கூட்டிட்டுப் போ’ என்று தானே சொல்வான். மாலைக்குள் அது போய்விடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் முகவரி கையில் இருக்க வேண்டும், அது சரியான முகவரியாகவும் இருக்க வேண்டும். வலுவுள்ள மனிதனுக்கே அலைச்சல் தருகிற தேடலை, நடுங்கும் கையோடு இருப்பவன் தலையில் கட்டிவிட்டு, ‘அவனுக்கு மனசு வரலை’ என்கிறோம்.

கடைசியில் கண்டுபிடித்துக் கொடுத்தவர் ஒரு தேவாலயத்தின் காவலாளி. வேறு வேலையாகப் போன இடத்தில் சும்மா கேட்டு வைத்தேன். “அந்த டீ குடிக்கிற ஆளுங்களா? பின்னாடி ஸ்கூல்ல, ஒண்ணாம் வகுப்புல உட்காந்திருப்பாங்க” என்றார்.

ஏ.ஏ.வின் பிறப்பே ஒரு சுவரில் மாட்டியிருந்த பட்டியலால் நடந்தது என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன். 1935 மே மாதம். நியூயார்க் பங்குச் சந்தையைச் சேர்ந்த பில் வில்சன் என்பவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஏக்ரன் நகருக்கு ஒரு வியாபார விவகாரமாக வந்து தோற்றுப்போய் மேஃப்ளவர் ஓட்டலின் முன்கூடத்தில் நிற்கிறார். குடியை விட்டு அரை வருடம்கூட ஆகவில்லை. கூடத்தின் ஒரு பக்கம் மதுக்கூடம், உள்ளிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசியும், ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியலும். அவர் பட்டியல் பக்கம் போனார். இன்னொரு குடிகாரரோடு பேசினால்தான் இந்த இரவைத் தாண்ட முடியும் என்று ஒரு பாதிரியாரிடம் கேட்டார். பாதிரியார் கொடுத்த பெயர்களுக்கு ஒவ்வொன்றாகப் பேசி, கடைசியில் ஹென்ரியேட்டா சைபர்லிங் என்ற பெண்மணி கிடைத்தார். அவர் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரை வரவழைத்தார். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று வந்த மருத்துவர் இரவு பதினோரு மணி வரை பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த நாளாகச் சொல்லப்படும் ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது. இந்தியாவில் அது தொடங்கியது 1957-ல், டெல்லியில்.

அந்த ஓட்டல்காரர் ஒன்றும் பெரிய சேவை செய்யவில்லை. வெளியூர்க்காரர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக வசதியாக ஒரு பட்டியல் மாட்டினார், அவ்வளவுதான். நம் பேருந்து நிலையத்திலும் அரசு மருத்துவமனைச் சுவரிலும் அப்படி ஒன்றை மாட்ட என்ன தடை?

‘அது அனானிமஸ் அமைப்பு, ரகசியமாகத்தான் இருக்கும், நாம் விளம்பரம் செய்யக் கூடாது’ என்று படித்தவர்களே சொல்கிறார்கள். இங்கேதான் நான் வேறுபடுகிறேன். ஏ.ஏ.வின் பன்னிரண்டு மரபுகள் 1950-ல் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்கப்பட்டவை. பத்திரிகையிலும் வானொலியிலும் சினிமாவிலும் உறுப்பினர் தன்னை வெளிப்படுத்திக்கொள்வதில்லை என்று அதில் ஒரு மரபு இருக்கிறது. அது ஆளைப் பற்றியது. கூட்டம் நடக்கிற கட்டடத்தைப் பற்றியதே இல்லை. இன்னொரு மரபு, உறுப்பினராக ஒரே தகுதி குடியை விட வேண்டும் என்ற விருப்பம்தான் என்கிறது. விருப்பம் மட்டுமே தகுதி என்று வைத்துவிட்டு, அந்த விருப்பம் உள்ளவனுக்கு வாசல் தெரியாமல் போனால் மரபுக்கு என்ன மரியாதை?

அவர்கள் வெளியே தெரியாமல் இருப்பதற்கு உண்மையான காரணம் வேறு. வெளியார் பணம் வாங்குவதில்லை என்பதும் அவர்களுடைய மரபு. கூட்டத்தின் நடுவில் ஒரு பை சுற்றி வரும், பத்தோ இருபதோ போடுவார்கள், புதிதாக வந்தவர் போடாவிட்டாலும் கேட்க மாட்டார்கள். அந்தக் காசில் அறை வாடகை, டீ, மேரி பிஸ்கட், படிக்கக் கொடுக்கும் துண்டுத்தாள் எல்லாம் முடிய வேண்டும். பிளெக்ஸ் வைக்க எங்கே போவார்கள்? பணம் வாங்காத அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. இன்றைக்கு அரசு பணம் வாங்கினால் நாளைக்கு வார்டு கவுன்சிலர் நாற்காலி கேட்பார். ஆகவே அவர்களுக்கு யாரும் நிதி கொடுக்க வேண்டாம். மருத்துவமனை தன் நோயாளிக்காகத் தன் சீட்டில் ஒரு முகவரியை அச்சடித்தால் அது யாருக்கும் கொடுத்த நன்கொடை ஆகாது. ரத்த வங்கி எங்கே இருக்கிறது என்று எழுதிப் போடுவதில்லையா?

முதல் நாள் தம்பி பள்ளிக்கூடப் படிக்கட்டிலேயே நின்றுவிட்டான். உள்ளே போகவும் மாட்டான், திரும்பவும் மாட்டான். அறுபது வயது இருக்கும் ஒருவர் வெளியே வந்தார். குடியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“எந்த ஊரு தம்பி, இங்கனயேவா?”

“நாகல்நகர்ண்ணே.”

“என்ன வேல?”

“பூட்டு.”

“எங்க வீட்டு பீரோ பூட்டு ஒண்ணு சாவியே உள்ள போக மாட்டேங்குது. வாங்க, உக்காந்து பேசுவோம். டீ சூடா இருக்கு.”

சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் அ - அணில், ஆ - ஆடு. அன்று திறந்த கூட்டம் என்பதால் குடும்பத்தாரும் உட்காரலாம் என்றார்கள். மூடிய கூட்டம் என்றால் குடிநோயாளிகளுக்கு மட்டும். ஒருவர் எழுந்து தன் முதல் பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்றார். எல்லோரும் அவர் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னார்கள். அவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசவில்லை, புத்தி சொல்லவில்லை, அடுத்தவர் தன் கதையைத்தான் சொன்னார். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நகையை வைத்துக் குடித்தவர், பேருந்தில் டிக்கெட் பையோடு விழுந்து வேலை போன நடத்துனர், ஊருக்குப் பயந்து காரிலேயே குடித்த பேராசிரியர். வார்டில் நான் கேட்டிராத கதைகள் இல்லை. ஆனால் வார்டில் அவர்கள் என்னிடம் பொய் சொல்வார்கள். ‘எப்பவாவது ஒரு குவார்ட்டர் சிஸ்டர்’ என்பார்கள். இங்கே, குடித்தவர் முன்னால் குடித்தவர், பொய் சொல்லிப் பயனில்லை. என் வெள்ளைச் சேலையால் முடியாத வேலை அது. ‘இன்றைக்கு மட்டும்’ என்று அங்கே சொல்வார்கள். வாழ்நாள் சத்தியம் யாரும் கேட்பதில்லை, இந்த இருபத்து நாலு மணி நேரம் முதல் குவளையைத் தொடாமல் இருந்தால் போதும்.

வீட்டில் உடனே ஒரு சண்டை. தம்பியின் மாமனார், “சர்ச்சுல நடக்குதாமே, மதம் மாத்திருவாங்க” என்றார். சாயங்காலத்தில் சும்மா கிடக்கும் அறையைக் குறைந்த வாடகைக்குத் தருகிறவர்கள் பெரும்பாலும் தேவாலயப் பள்ளிகள்தான், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் பேச்சு இருப்பது உண்மை. அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தவறாமல் வரும் ஒருவர் கறுப்புச் சட்டைக்காரர், பெரியார் திடல்வரை போய் வந்தவர். உங்களுக்குமேல் ஒரு சக்தி எது என்று கேட்டால் பெஞ்சுகளைக் காட்டுவார். அவருக்கு அது போதுமாக இருக்கிறது. எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று நான் வாதாட மாட்டேன். சிலருக்கு அந்தப் பேச்சே எரிச்சல் தரும், அவர்களுக்கு மனநல மருத்துவரின் ஆலோசனையும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தே செய்கிறவர்களும் உண்டு.

பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைச் சலித்துத் தொகுக்கும் காக்ரன் அமைப்பு 2006-ல் இதில் உறுதியான சான்று இல்லை என்றது. 2020-ல் 27 ஆய்வுகளையும், அவற்றில் பங்கேற்ற 10,000-க்கும் மேற்பட்டவர்களையும் வைத்து மறுபடி பார்த்தது. நோயாளியை முறைப்படி ஏ.ஏ. கூட்டத்தோடு கொண்டுபோய் இணைக்கிற சிகிச்சை, மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடத் தொடர்ந்து குடிக்காமல் இருப்பவர்களின் எண்ணிக்கையைக் கூட்டியது என்று முடிவு. ‘கொண்டுபோய் இணைக்கிற’ என்பதை ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் இன்னொரு முறை படிக்க வேண்டும். ‘ஏ.ஏ.ன்னு ஒண்ணு இருக்கு, போய்ப் பாருங்க’ என்று வாயால் சொல்லி அனுப்புவது இணைப்பதாகாது.

சுவர் நோட்டீஸ்காரர்களைப் பற்றி ஒன்று. தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடிகளில் என்ன இருக்கிறதென்று கேட்டால் மூலிகை என்பார்கள். டைசல்ஃபிராம் என்று ஒரு மருந்து உண்டு, அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். மருத்துவர் சொல்லி, நோயாளி சம்மதித்து, தெரிந்தே சாப்பிட வேண்டிய மருந்து அது. அதைக் குழம்பில் கலந்து கொடுத்தால் குடியைவிட முதலில் ஆள் போகலாம். ‘வீட்டுக்கு வந்து அழைத்துச் செல்வோம்’ என்பவர்களிடம், 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பாதிப் பேர் தொலைபேசியை வைத்துவிடுவார்கள்.

அன்று அந்த வகுப்பறையில் நான் ஒருத்திதான் பெண். மேற்சொன்ன எய்ம்ஸ் கணக்கெடுப்பில் ஆண்களில் 27.3 சதவீதமும் பெண்களில் 1.6 சதவீதமும் குடிப்பதாக வருகிறது. சதவீதம் சிறிது, ஆனால் நாட்டின் பெண்கள் தொகையில் அது லட்சக்கணக்கான பேர். குடிக்கிற பெண் முழங்கால் இடிக்கும் அந்த பெஞ்சில் வந்து உட்காருவாள் என்று நான் நம்பவில்லை. கொரோனா காலத்துக்குப் பிறகு கைபேசி வழியாக நடக்கும் கூட்டங்கள் இருக்கின்றன, கேமராவை அணைத்துவிட்டுக் கேட்கலாம். அவளுக்கு அதன் விவரம் கிடைக்க வேண்டும். குடிப்பவனின் மனைவிக்கும் அம்மாவுக்கும் தனியாக அல்-அனான் உண்டு, பில்லின் மனைவி லோயிஸ் 1951-ல் முன்னின்று ஒருங்கிணைத்தது. தம்பி மனைவி அங்கே போனாளா என்றால், போகவில்லை. “அவரு குடிச்சதுக்கு நான் எதுக்கு மீட்டிங் போகணும்?” என்கிறாள். நியாயமான கேள்விதான்.

சென்னைக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் வசதி. கணவர் குடியால் இறந்ததை மூடி மறைக்காமல், அவர் பெயரிலேயே சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் நிறுவனத்தின் மருத்துவமனை அடையாறு பக்கத்தில் இருக்கிறது. வசதியான குடும்பம் ஒன்று, அந்தக் காலத்தில், குடிநோய்க்குப் பலியானவரின் பெயரைப் பலகையில் எழுதி வைத்தது. ஆளின் பெயரையே வைக்கத் துணிந்திருக்கிறார்கள். நான் கேட்பது அறையின் முகவரி.

2025 நிலவரப்படி மாநிலத்தில் ஏறத்தாழ 4,800 டாஸ்மாக் கடைகள். ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள், அதற்கு முன் 2016-ல் 500, 2017-ல் 500. கடையை மூடுவது பற்றிப் பேச எல்லாக் கட்சியிலும் ஆள் இருக்கிறது, நான் அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என் கவனம் ஒரு ஸ்டிக்கர் மேல். காலிப் பாட்டில்கள் காட்டிலும் வயலிலும் உடைந்து கிடக்கின்றன என்று உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2022-ல் நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைத் திருப்பிக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் வந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. அதற்காகப் பாட்டிலில் தனி ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் கைபட ஒட்ட முடிகிறது, எந்தக் கடையில் விற்றது என்று அடையாளம் வைக்க முடிகிறது. யானைக் காலில் கண்ணாடி குத்தாமல் இருக்கச் செய்த வேலை அது, நல்ல வேலை. அதே ஸ்டிக்கரில் மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-ஐ அச்சடிக்க ஐந்து இலக்கத்துக்கு இடம் இல்லையா? கடையில் விலைப்பட்டியல் பலகைக்குப் பக்கத்தில் அந்த ஊர்க் கூட்டத்தின் இடமும் கிழமையும் எழுத ஒரு சாண் சுவர் இல்லையா?

இதைத் தம்பியிடம் சொன்னபோது அவன் ஒத்துக்கொள்ளவில்லை. “போர்டு வச்சா அந்தத் தெருவுல என்னைப் பாக்குறவன் எல்லாம் எங்க போறேன்னு கண்டுபிடிச்சிருவான் அக்கா” என்றான். கடை வாசலில் வேட்டி அவிழ்ந்து கிடந்தபோது ஊரே பார்த்ததை நான் நினைவுபடுத்தவில்லை, அவனே சிரித்துவிட்டான். ஆனால் அவன் பயம் பொய்யில்லை. குழுவிலும் இரண்டு பேச்சு இருக்கிறது. பலகை வைத்தால் பள்ளி நிர்வாகம் சங்கடப்படும், பெற்றோர் கேள்வி கேட்பார்கள், அறை போய்விடும் என்று மூத்தவர்கள் சிலர் சொல்கிறார்கள். அதனால்தான் தெருவில் பலகை வேண்டும் என்று நான் வற்புறுத்துவதில்லை. சீட்டில் இருக்கட்டும், வார்டுச் சுவரில் இருக்கட்டும், கடையில் இருக்கட்டும்.

தம்பி இப்போது போய் வருகிறான். நடுவில் குடித்தான். கூட்டத்தில் அதை எழுந்து சொன்னான், யாரும் திட்டவில்லையாம். பீரோ பூட்டுக்காரர்தான் அவனுடைய ஸ்பான்சர், அதாவது வழிகாட்டும் மூத்த உறுப்பினர். ராத்திரி எந்நேரமும் போன் பேசலாம் என்று சொல்லி வைத்திருக்கிறார். பட்டறை வேலை திரும்பக் கிடைக்கவில்லை. வீட்டில் அரம் வைத்துச் சில்லறை வேலை செய்கிறான்.

நான் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்தேன். இடம், கிழமை, மணி, குழுவினர் சம்மதித்த ஒரு தொடர்பு எண், அவ்வளவுதான். சில நூறு ரூபாய்தான் ஆனது. பழைய பழக்கத்தில் ஒரு மருத்துவமனை வார்டில் கொடுத்து, டிஸ்சார்ஜ் சீட்டில் ‘மது அருந்தக் கூடாது’ என்று எழுதும் இடத்துக்குக் கீழே குத்திவிடுங்கள் என்றேன். இளம் செவிலியர் ஒருத்தி ஆசையாக வாங்கிக்கொண்டாள். சில நாளில், அலுவல் ஆவணத்தில் தனியார் முத்திரை கூடாது, மேலிடத்து ஆணை வேண்டும் என்று மேசைக்குள் போய்விட்டது. விதி சரிதான். ஆகவே ஆணை கேட்டுத் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் மாநிலம் முழுக்க இந்த வேலை நடக்கும். முகவரி மாறினால் மாற்றிக்கொள்ள மாதம் ஒரு முறை ஒரு செவிலியர் அந்த எண்ணுக்குப் பேசிச் சரிபார்த்தால் போதும். தாளில் உள்ளவர் காலமாகி, அறை கைபேசிக் கடையான கதை இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

அதுவரை வீட்டில் ஒருவருக்காகத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு: தினமும் குடிப்பவர் என்றால் நிறுத்துவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். நடுக்கமோ வலிப்போ குழப்பமோ வந்தால் கூட்டம் காத்திருக்கட்டும், உடனே மருத்துவமனை. வழி கேட்க 14446 இருக்கிறது, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416 இருக்கிறது, இரண்டும் கட்டணமில்லாதவை. கூட்டத்தின் எண் கிடைத்தால் அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், முதலில் நீங்கள் பேசுங்கள். போன வாரம் கூட்டம் நடந்ததா, திறந்ததா மூடியதா, தமிழில்தானே நடக்கிறது என்று கேளுங்கள். எந்த வாசல், யார் வெளியே நிற்பார், எப்படி அடையாளம் தெரியும் என்றும் கேட்டு வையுங்கள். கூட்டத்துக்கு முன்பே பக்கத்து டீக்கடையில் வந்து பார்க்க ஒருவரை அனுப்பச் சொன்னால் அனுப்புவார்கள்.